கீரிமலையும் முற்றவெளியும்
யாழ்ப்பாணக் குடும்பங்களின் பொழுதுபோக்கிடங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. வற்றாது ஓடும் ஆறு இல்லை. நிழல் செறிந்த பெருங்காடும் இல்லை. மாரிகாலத்திற் சில காலம் ஓடி அராலிப் பக்கத்துக் கடனீரேரியிற் கலக்கும் வழுக்கையாறு ஒன்றே ஆறு என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கண்டி நாட்டார் அருவிகளையும் சோலைகளையும் நாடிச் செல்வர். சோழ நாட்டார் காவிரிக் கரையிற் கூடி ஆடிப்பெருக்குக் கொண்டாடுவர். இத்தகைய இயற்கைச் செல்வங்கள் வாய்க்கப்பெறாத யாழ்ப்பாணத்தார், பெண்டு பிள்ளைகளோடு ஒரு நாளை மகிழ்ச்சியாகக் கழிக்க எங்குச் சென்றனர்? அவ்விடங்கள் எவ்வாறு தோன்றின? அவற்றின் வாயில்கள் யாருக்குத் திறந்திருந்தன? இவ்வினாக்களுக்கு விடை தேடுமிடத்து, குடாநாட்டின் சமூக வரலாறே ஒரு புதிய பக்கத்திலிருந்து புலப்படுகின்றது.

பொழுதுபோக்கு என்னும் சொல் இன்று எங்கும் வழங்குகின்றது. முற்காலக் குடும்பங்களுக்கோ போக்கவேண்டிய பொழுது மிகுதியாக இருக்கவில்லை. புகையிலைத் தோட்டத்துக்கு விடியுமுன்னரே நீர் இறைக்கவேண்டும். துலா மிதிப்பவர் மேலே நடக்க, பட்டை பிடிப்பவர் கிணற்றடியில் நிற்க, சிறுவர் வாய்க்கால் மாற, வீடு முழுவதும் அவ்வேலையில் ஈடுபட்டிருக்கும். பனை தந்த ஒடியலையும் பனாட்டையும் பதப்படுத்திச் சேமிப்பது பெண்களின் ஓயாத வேலையாகும். இவ்வாறு உழைப்பால் வாழ்ந்த மக்கள், காரணமின்றி ஒரு நாளை வீணே கழிப்பதைக் குறைவாகவே எண்ணினர். ஆதலின், வீட்டை விட்டுப் புறப்படுதற்கு ஒரு தக்க காரணம் வேண்டியிருந்தது. அக்காரணத்தைச் சமயம் கொடுத்தது. தீர்த்தமாடப் போதல், தேர் பார்க்கப் போதல், நேர்த்தி தீர்க்கப் போதல் என்பன அவர்கள் வழங்கிய சொற்கள். அச்சொற்களுள்ளே வழிபாடும் இன்பமும் பிரிக்கமுடியாதபடி கலந்து கிடந்தன.

இதற்குச் சிறந்த சான்று கீரிமலை. பெயரளவில் மலையேயன்றி, அது வலிகாமம் வடக்கின் கடலோரத்தில் அமைந்த ஒரு நன்னீர் ஊற்றாகும். குடாநாட்டின் நிலத்தடியிற் சுண்ணாம்புக்கல் பரந்து கிடக்கின்றது. பெய்யும் மழை அக்கல்லின் வெடிப்புக்களினூடாகக் கீழிறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. அந்நீரின் ஒரு பகுதி கல்லின் இடுக்குவழியே வடக்கு நோக்கிச் சென்று, கடல் அலை வந்து மோதும் இடத்துக்கு அருகிலேயே கேணியுள் வெளிப்படுகின்றது. ஒரு சுவருக்கு அப்பால் உப்புக்கடல், இப்பால் நன்னீர்க் கேணி. கடலிற் குளித்தெழுந்த சிறுவன் அடுத்த கணமே நன்னீரில் மூழ்கக்கூடிய இத்தகைய இடம் குடாநாட்டிற் பிறிதொன்றில்லை.

இவ்வூற்றைப் பற்றிய பழங்கதை யாழ்ப்பாண வைபவமாலையிற் கூறப்பட்டுள்ளது. அந்நூல் ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் மயில்வாகனப் புலவரால் இயற்றப்பட்டது. கீரிமுகம் கொண்ட நகுலமுனிவர் இந்நீரில் ஆடித் தம் முகம் மாறப்பெற்றார் என்பதும், குன்மநோயால் வருந்திக் குதிரைமுகத்தோடு வந்த சோழ அரசிளங்குமரி மாருதப்புரவீகவல்லி இங்கே தீர்த்தமாடி நோயும் குதிரைமுகமும் நீங்கப்பெற்றாள் என்பதும் கதை. நகுலம் என்பது கீரி. அதனால் ஊருக்குக் கீரிமலை என்றும் கோயிலுக்கு நகுலேசுவரம் என்றும் பெயர் வந்தன. மா என்பது குதிரை. குதிரைமுகம் விட்டுநீங்கிய இடமாதலின் அயலூர் மாவிட்டபுரம் ஆயிற்று என்பர். கதையின் வரலாற்று உண்மை எத்தகையதாயினும், அதன் உட்பொருள் கருதத்தக்கது. எல்லாராலும் வெறுத்தொதுக்கக்கூடிய முகத்தோடு வந்த இருவரையும் அந்நீர் விலக்கவில்லை. வந்தவர் யார், எவ்வூரார் என்று வினவவுமில்லை.

ஆடி அமாவாசையன்று, தந்தையை இழந்தோர் கீரிமலையிற் கூடிப் பிதிர்க்கடன் செலுத்துவர். மாவிட்டபுரம் கந்தசுவாமியும் அன்று தீர்த்தமாட இங்கே எழுந்தருளுவார். துக்கத்தை நினைவுகூரும் அந்நாளே பிள்ளைகளுக்குக் கொண்டாட்ட நாளுமாயிற்று. புகையிரதம் வருமுன்னர், தென்மராட்சியிலிருந்தும் வடமராட்சியிலிருந்தும் வருவோர் முதல்நாளே கூடாரவண்டிலிற் புறப்படுவர். வழியில் மடங்களிலே தங்கி, கட்டுச்சோற்றைப் பகிர்ந்துண்டு, விடியற்காலையிற் கீரிமலையை அடைவர். தந்தையர் எள்ளும் நீரும் இறைத்துக்கொண்டிருக்கும்போது, சிறுவர் கேணியிற் குதித்து நீந்தக் கற்றுக்கொள்வர். ஆற்றைக் காணாத நாட்டுப் பிள்ளைகளுட் பலர் முதன்முதலாகக் கையையும் காலையும் அடித்து மிதந்தது இத்தகைய கேணிகளிலேயே. ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனிக் கேணிகள் அமைந்திருந்தமையால், வீட்டுக் கிணற்றடியை விட்டு அதிகம் வெளிச்செல்லாத பெண்களும் அச்சமின்றி நீராடினர்.

கீரிமலையோடு சேர்த்து எண்ணப்படுவது நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு. சுண்ணாம்புக்கற் குகையொன்றின் மேற்கூரை இடிந்து வீழ்ந்தமையால் உண்டான பெரும் பள்ளம் அது என்பது நிலவியலார் கொள்கை. இராமபிரான் தன் சேனையின் தாகம் தணிக்க அம்பெய்து உண்டாக்கினான் என்பது ஊரார் கொள்கை. அங்கே இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையிலே மிதந்து வரும் என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கம். இவ்விரு நீர்நிலைகளுக்கும் நிலத்தடியிலே தொடர்பு உண்டென்ற எண்ணத்தை அக்கதை பிள்ளைகளின் மனத்திற் பதித்தது. ஆங்கில அதிகாரியாகிய எமேசன் தெனன்ட், 1859ஆம் ஆண்டில் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலில் இக்கிணற்றை விவரித்துள்ளார். மேற்பரப்பில் நன்னீரும் கீழே செல்லச் செல்ல உவர்நீரும் உள்ள வியப்பை அவர் எடுத்துக்காட்டினார். பாட்டியின் எலுமிச்சம்பழக் கதையைக் கேட்ட பிள்ளை, பின்னர்ப் பாடசாலைச் சுற்றுலாவில் ஆசிரியரின் விளக்கத்தையும் அதே கிணற்றங்கட்டில் நின்று கேட்கும் வாய்ப்பைப் பெற்றது. இன்பச் செலவு கல்விச் செலவாகவும் அமைந்ததற்கு நிலாவரை ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

நீரை அடுத்து மக்களைக் கூட்டியது கோயில் வீதி. தமிழரசின் தலைநகராயிருந்த நல்லூரிற் புகழோடு விளங்கிய கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கீசர் 1621ஆம் ஆண்டில் இடித்தழித்தனர். கீரிமலைக் கோயிலும் அவர்கள் காலத்திலேயே அழிந்தது. கோயில் அழிந்தபோது வழிபாட்டோடு மக்கள் கூடிக் களித்த களமும் அழிந்தது என்பதை வரலாற்றாசிரியர் பெரும்பாலும் கருதுவதில்லை. தேரோட வீதியில்லை, மேளம் முழங்க மண்டபமில்லை, ஊர் ஊராக மக்கள் சந்திக்கும் நாளில்லை. ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்பகுதியிற் கட்டுப்பாடு தளர்ந்தபோது, 1734ஆம் ஆண்டளவில் இரகுநாத மாப்பாண முதலியாரின் முயற்சியால் நல்லூரிற் கோயில் மீண்டும் எழுந்தது. நகுலேசுவரமோ ஆறுமுக நாவலர் மூட்டிய ஊக்கத்தின் பயனாக, அவர் 1879ஆம் ஆண்டில் மறைந்தபின்னரே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் புத்துயிர் பெற்றது.

நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள் நடைபெறுவது. அந்நாட்களில் வீதியோரங்களிற் கடலைக்காரிகளும் வளையற்காரரும் விளையாட்டுச் சாமான் விற்போரும் இடம்பிடிப்பர். கூத்தும் இன்னிசையும் கதாப்பிரசங்கமும் குடாநாட்டுக் கோயில் வீதிகளிலே இரவிரவாக நிகழ்ந்தன. அளவெட்டியும் இணுவிலும் தந்த நாதசுர தவில் வித்துவான்களின் மேளக்கச்சேரியைக் கேட்க மக்கள் பல கல் நடந்து வந்தனர். தவிற் கலைஞர் தெட்சணாமூர்த்தியின் புகழ் கடல்கடந்து தமிழ்நாட்டிலும் பரவியது. காங்கேசன்துறையைச் சேர்ந்த வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர நாடகத்தைக் கண்டு, மயானக் காட்சியிற் கண்ணீர் விடாத குடும்பம் அரிது. மூதாட்டி முதற் கைக்குழந்தை வரை ஒரே பாயில் அமர்ந்து, நுழைவுச்சீட்டின்றி ஓர் இரவை முழுமையாக அனுபவித்த அரங்கு அதுவாகும்.

கோயிலிற் களியாட்டம் எவ்வளவு இடம்பெறலாம் என்ற விவாதமும் அக்காலத்திலேயே எழுந்தது. கோயில்களிற் பொதுமகளிர் நடனம் நிகழ்வதை நாவலர் கடுமையாகக் கண்டித்தார். சைவ ஒழுக்கம் கெடாமற் காப்பதே அவர் நோக்கம். ஆயினும், மக்கள் திருவிழாவுக்கு வந்ததற்குப் பத்தி ஒன்றே காரணமன்று என்பதை அவ்விவாதமே உணர்த்துகின்றது. உழைத்துக் களைத்த உடல் ஒரு மாற்றத்தை வேண்டியது. தனித்தனி வேலியடைத்த வளவுகளில் வாழ்ந்தோர் பிறர் முகங் காண விரும்பினர். கிடுகுவேலியால் ஒவ்வொரு குடும்பமும் தன்னை மறைத்துக்கொண்ட நாட்டில், கோயில் வீதி ஒன்றே வேலியற்ற வெளியாக இருந்தது.

ஊர்தோறும் ஆண்டு முழுவதும் நிகழ்ந்த விளையாட்டுக்கள் வேறொரு வகையின. சித்திரைப் புத்தாண்டிற் போர்த்தேங்காய் அடித்தல், தை மாதந் தொடங்கி வண்டிற் சவாரி, நிலாக்காலங்களிற் கிளித்தட்டு, சிறுமியர்க்குக் கொக்கான் வெட்டுதலும் ஊஞ்சலும் என்று காலத்துக்கேற்ற முறை இருந்தது. ஆடிப்பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும் உண்ணும் மகிழ்ச்சியை நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பிள்ளைகளுக்கான பாடலாக்கினார்; ஈழத்துத் தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதைப் பாடி வருகின்றனர். இவற்றுக்குப் பெரும்பொருட் செலவில்லை. அறுவடை முடிந்த வயலே சவாரித் திடல். வளவின் மாமரமே ஊஞ்சல் மரம். முற்றத்து மணலே கிளித்தட்டுக் கோடு கீறும் பலகை.

கடற்கரையைப் பொறுத்தவரை நிலைமை வேறாக இருந்தது. குடாநாட்டின் எல்லாப் பக்கங்களிலும் நீர் சூழ்ந்திருந்தும், கடற்கரை நெடுங்காலம் உல்லாச இடமாகக் கருதப்படவில்லை. கரையோர மக்களுக்கு அது தொழிற்களம். வலை உலர்த்தும் இடம். கணவனும் மகனும் திரும்பிவருவரோ என்று ஏங்கிநிற்கும் இடம். உள்ளூர் வேளாண் குடும்பங்களோ தீர்த்தத் திருவிழாவுக்கன்றிக் கடலை நாடவில்லை. புரட்டாதிப் பூரணையில் வல்லிபுர ஆழ்வார் கடற்றீர்த்தத்துக்குச் செல்லும் பெருங்கூட்டம், வெண்மணற் குன்றுகளின் மேல் ஏறி இறங்கி விளையாடிய பிள்ளைகளையும் உடன்கொண்டே சென்றது. அவ்வூரிலே 1936ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட பொன்னேடு, வசப மன்னன் காலத்தைச் சேர்ந்ததாகும். அம்மணற் பரப்பின் கீழே பழைய குடியிருப்பொன்றின் வரலாறு மறைந்து கிடப்பதை அது உலகுக்கு அறிவித்தது. வேலணையிற் சாட்டிக் கடற்கரையும், காரைநகரிற் சவுக்குமரங்கள் நிழல் செய்யும் கசூரினாக் கடற்கரையும் குடும்பங்கள் கூடும் இடங்களாகப் பெயர்பெற்றது பிற்காலத்திலேயே. கசூரினாவிற் கடல் நெடுந்தூரம் ஆழமற்றது. சிறுபிள்ளையையும் இறக்கிவிட்டுத் தாய் கரையில் அமர்ந்திருக்கலாம். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று நடைபெறும் பட்டத் திருவிழாவோ, கரையோர மக்களின் சொந்தக் கலை பலரும் திரண்டு காணும் விழாவாக வளர்ந்தமைக்குச் சான்று. பாய்மரக் கப்பலோட்டி வாழ்ந்த அவ்வூரார்க்குக் காற்றின் போக்கு கைவந்த கல்வி. அக்கல்வியே விண் கூவும் பட்டமாக வானில் ஏறிற்று.

பிரித்தானியர் ஆட்சி இவ்விடங்களைத் தூரத்தால் நெருக்கியது. யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான புகையிரதப் பாதை 1902ஆம் ஆண்டிலும், கொழும்போடு தொடர்பு 1905ஆம் ஆண்டிலும் ஏற்பட்டன. இரண்டு நாள் வண்டிற் பயணம் ஒரு காலைப்பொழுதாகச் சுருங்கியது. மாவிட்டபுரம் நிலையத்தில் இறங்கிக் கீரிமலைக்கு நடந்து, நீராடி, மாலை வண்டியிலேயே வீடு திரும்புதல் எளிதாயிற்று. 1956ஆம் ஆண்டில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின், கொழும்பில் உத்தியோகம் பார்த்தோர் விடுமுறைக்கு வந்து தம் பிள்ளைகளுக்குப் பிறந்த ஊரின் கேணியையும் தேரையும் காட்ட முடிந்தது.

நகரத்திலும் புதிய வெளிகள் தோன்றின. 1829ஆம் ஆண்டு தொடக்கம் வட மாகாணத்தை நெடுங்காலம் நிருவகித்த அரசாங்க அதிபர் டைக்கின் பெயரோடு இணைந்தது கச்சேரிக்கு அயலிலுள்ள பழைய பூங்கா. எனினும் வரலாற்று நோக்கில் வியப்புக்குரியது முற்றவெளியாகும். போர்த்துக்கீசர் தொடங்கி, 1658ஆம் ஆண்டிற் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐந்து கோண வடிவிற் பெருப்பித்த கோட்டையின் முன்னே பரந்த வெளி அது. பகைவன் மறைந்து வர இடமளியாது, பீரங்கிக்குத் தடையின்றிக் கோட்டைக்கு முன்னே நிலத்தை வெறுமையாக விட்டுவைப்பது ஐரோப்பியரின் போர்முறை. கொலைக்கென விடப்பட்ட அவ்வெளியிலேயே பின்னர்ச் சிறுவர் பந்தடித்தனர். பொதுக்கூட்டங்களும் களியாட்ட விழாக்களும் நடந்தன. அதைச் சூழச் சுப்பிரமணியம் பூங்காவும் விளையாட்டரங்கும் றீகல் படமாளிகையும் அமைந்தன. 1959ஆம் ஆண்டிற் பொது நூலகத்தின் எழிலார்ந்த கட்டடம் திறக்கப்பட்டது. நூலகவியலறிஞர் இரங்கநாதன் அதற்கு ஆலோசனை வழங்கினார். தந்தை நூலகத்திலே பத்திரிகை படிக்க, தாய் பூங்கா வாங்கிலிருக்க, பிள்ளைகள் ஊஞ்சலாட, மாலையில் எல்லாரும் கடலைச் சுருளோடு கடற்காற்று வாங்குதல் ஒரு தலைமுறையின் ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

இங்ஙனம் கூறிவருமிடத்து, இவை யாவும் எல்லார்க்கும் உரியனவாய் இருந்தன என்ற மயக்கம் உண்டாகக்கூடும். உண்மை அவ்வாறன்று. நல்லூர்த் தேர்வடத்தின் அழகைப் பாடும் வரலாறு, கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோரையும் கூறவேண்டும். கிணறு வெட்டிக் கொடுத்தவன் அக்கிணற்றில் நீரள்ள முடியாதிருந்தான். பனையேறியவனின் பிள்ளை பிறர் பிள்ளைகளோடு ஒரே கேணியில் இறங்க முடியாதிருந்தது. தேநீர்க் கடையிலும் அவர்களுக்கு இருக்கை மறுக்கப்பட்டது. பொதுவிடங்களிற் சாதிகாரணமாகத் தடைசெய்தலைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டில் நிறைவேறியது. பதினோராண்டு கழிந்தபின்னும், 1968ஆம் ஆண்டில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே உட்செல்லும் உரிமை கேட்டு அமர்ந்தோர் தடுக்கப்பட்டனர். போராட்டம் நாடெங்கும் பேசப்பட்டது. குதிரைமுகத்தோடு வந்தவளை நீர் ஏற்றுக்கொண்டது என்று கதை சொல்லும் தலத்திலேயே, மனிதமுகத்தோடு வந்தவர்கள் திருப்பியனுப்பப்பட்டனர். இம்முரண்பாட்டைச் சிந்தியாது குடாநாட்டின் இன்பங்களைப் பேசுதல் அரைகுறை வரலாறேயாகும். சட்டத்தாலும் போராட்டத்தாலும் வாயில்கள் பலவிடங்களிற் படிப்படியாகத் திறந்தன. அவை தாமாகத் திறக்கவில்லை என்பதே நினைவிற் கொள்ளத்தக்கது.

பிறகு வந்த அடைப்பு எல்லாரையும் ஒருங்கே வெளியிற் தள்ளியது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஏறக்குறைய 97,000 நூல்களோடு பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டிற் புகையிரதம் நின்றது. அவ்வாண்டிலேயே வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசல் விட்டு இடம்பெயர்ந்தனர். கீரிமலையும் மாவிட்டபுரமும் காங்கேசன்துறையும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. கோயில்கள் பெருஞ் சேதமுற்றன. கோட்டை போர்க்களமாயிற்று; அதனுள் நின்ற ஒல்லாந்தர் தேவாலயமும் அழிந்தது. முற்றவெளி மீண்டும் தன் பழைய தொழிலுக்கே திரும்பி, துப்பாக்கிக்குத் திறந்த வெளியாகக் கிடந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவிற் புறப்பட்டபோது, குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோற்றோடு செல்லும் வழக்கம் அறிந்த தெருக்கள் வேறொரு பயணத்தைக் கண்டன. அக்காலத்திற் பிறந்த பிள்ளைகள், கீரிமலை என்னும் பெயரைப் பெற்றோர் வாயிற் கேட்டனரேயன்றிக் கண்ணாற் காணாது வளர்ந்தனர். நீந்தக் கற்கும் வயதில் நீர்நிலை எட்டாத இடமாயிருந்தது. போரின் இழப்புக்களை எண்ணுவோர் உயிரையும் உடைமையையும் எண்ணுவர்; ஒரு தலைமுறை இழந்த விளையாட்டையும் அவற்றோடு சேர்த்து எண்ணுதல் தகும்.

2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் நிலங்கள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. அதற்கு ஆண்டுகள் பல சென்றன. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் புகையிரதம் யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது. 2015ஆம் ஆண்டின் தொடக்கத்திற் காங்கேசன்துறை வரை நீண்டது. நெதர்லாந்தின் உதவியோடு கோட்டை புதுக்கப்பட்டு, அதன் மதில்மேல் மாலை நேரத்திற் குடும்பங்கள் உலாவருகின்றன. தென்னிலங்கையிலிருந்து நயினாதீவுக்கு யாத்திரை வருவோர் கீரிமலையிலும் நீராடிச் செல்கின்றனர். கனடாவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் பிறந்த பேரப்பிள்ளைகள் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வந்து, தாத்தா நீந்திய கேணியில் இறங்கிப் பார்க்கின்றனர். நெடுந்தீவின் குதிரைகளையும் பெருக்கமரத்தையும் காணப் படகேறுவோர் தொகையும் பெருகியுள்ளது.

திறந்த வாயில் மறுபடி அடைபடாது என்று கருதுதற்கில்லை. இம்முறை அடைப்பு நிலத்தடியிலிருந்து வரக்கூடும். துலாவின் இடத்தை நீரிறைக்கும் யந்திரம் பிடித்தபின், நன்னீர்ப் படை அளவின்றி உறிஞ்சப்படுகின்றது. உறிஞ்சிய இடத்தை உவர்நீர் நிரப்புகின்றது. தோட்டத்து உரமும் மலகூடக் குழிகளின் கழிவும் சுண்ணாம்புக்கல்லின் அதே வெடிப்புக்களினூடாக இறங்கி, கிணறுகளில் நைத்திரேற்றாகக் கலப்பதை ஆய்வாளர் பலகாலமாகச் சுட்டிக்காட்டி வருகின்றனர். பாட்டியின் எலுமிச்சம்பழக் கதை இங்கே பயனுடைத்தாகின்றது: ஓரூரில் இட்டது வேறோரூரில் வெளிப்படும் என்பதே அக்கதையின் பாடம். கசூரினாவின் மணலிற் புதைந்துகிடக்கும் பிளாத்திக்குப் போத்தல்களும், கேணிப் படிகளில் எறியப்படும் சவர்க்காரத் தாள்களும், மகிழ வந்தோர் விட்டுச்சென்ற கடன்களாகும்.

குடாநாட்டாரின் இன்பங்கள் என்றும் எளியன: ஒரு கேணி, ஒரு வீதி, ஒரு வெறும் வெளி. அவற்றின் பெருமை பொதுமையில் இருந்தது; அவற்றின் சிறுமை அப்பொதுமை பொய்த்த காலங்களில் வெளிப்பட்டது. அந்நியர் இடித்ததை மீளக் கட்டினர் முன்னோர். தாமே அடைத்ததைத் திறக்கப் போராடினர் அடுத்த தலைமுறையினர். போர் பறித்ததைக் காத்திருந்து பெற்றனர் அதன் பின்வந்தோர். பெற்றதை நீரும் நிலமும் கெடாது பேணி, எவர் பிள்ளையும் தயக்கமின்றி இறங்கத்தக்க கேணியாகக் கையளிப்பது இன்று கல்லூரிகளிற் பயிலும் இளைஞரின் பங்காகும். வரும் ஆடி அமாவாசையிற் கீரிமலைக்குச் செல்லும் மாணவர், முதற்கண் படிக்கட்டில் ஒரு கணம் நின்று, அங்கே நீராடுவோர் யார் யாரென நோக்குவாராக. எல்லாரும் அங்கிருப்பின், அக்காட்சி எத்துணை நெடிய வரலாற்றின் பயன் என்பது அவர்க்கு இனிது விளங்கும்.